பழைய சுயமுன்னேற்ற நூலிலிருந்து புதிய பயிற்சி ஏடு வரை: சிங்கப்பூரில் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் ஒரு சுயமுன்னேற்றப் பயிற்சி ஏட்டையோ குரல்பதிவுப் பாடத்தையோ உருவாக்கி விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் புத்தக அடுக்கிலிருந்து தொடங்குகிறார்கள். இருபது நூல்களைப் படிக்கிறார்கள், பிடித்த வரிகளை அடிக்கோடிடுகிறார்கள், அவற்றைச் சுருக்கித் தொகுக்கிறார்கள். வாங்கியவர் முதல் நாள் ஆவலோடு புரட்டுகிறார். மூன்றாம் நாள் மூடிவைக்கிறார். என் முதல் ஏட்டுக்கும் அதுதான் நடந்தது. தொண்ணூறு பக்கங்கள். பிறகு கேட்டு வாங்கிப் பார்த்த படிகளில் பத்தாம் பக்கத்துக்கு மேல் பேனா படவே இல்லை.

பழைய நூல்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அவற்றைப் படித்த முறையும் வேலை செய்த வரிசையும்தான் தவறு. வாங்குகிறவருக்கு வேண்டியது, நாளைக் காலை அவர் செய்யக்கூடிய ஒரு காரியம். அந்தக் காரியத்தை நூலிலிருந்து எடுப்பதற்கான வரிசையைக் கீழே தருகிறேன். படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம். ஒன்றில் கிடைப்பதை வைத்துத்தான் அடுத்ததைச் செய்ய முடியும்.

## 1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த நோட்டு, நூலக உறுப்பியம், நாளுக்கு நாற்பது நிமிடம், சுமார் நான்கு மாத காலம். பணம் இப்போது தேவையில்லை. அச்சகத்துக்கும் அட்டை வடிவமைப்புக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுப் படிக்கத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த பணம் அவசரப்படுத்தும். அவசரத்தில் சோதனைப் படிகள் முதலில் விடுபடும்.

தேசிய நூலக வாரியத்தின் கிளைகளில் தமிழ் நூல்கள் உள்ளன. விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் லீ கோங் சியன் மேற்கோள் நூலகத்தில் அமர்ந்தும் படிக்கலாம். இரவல் நூலுக்கு 21 நாள் அவகாசம் உண்டு. சிறிய நூல் ஒன்றை மூன்று முறை படிக்க அது போதும். அந்த நாள்களுக்குள் அடங்காத பெரிய நூலை முதல் ஏட்டுக்கு எடுக்காதீர்கள்.

வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள், சொந்தமாக எதையும் விற்பதற்கு முன் மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்துவிட வேண்டும். அனுமதி ஒரு குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை செய்வதற்காகத் தரப்பட்டது. பக்கத்தொழிலுக்கும் அது செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது.

## 2. முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள், நூலைப் பிறகு

"தன்னம்பிக்கை குறைந்தவர்களுக்காக" என்று எழுதினால் யாரும் கண்முன் வரமாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "தேக்காவில் உணவுக்கடை வைத்திருக்கும் அண்ணன். இன்னொரு கடை எடுக்கலாமா என்று ஆறு மாதமாக முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார். கடையை மூடிய பிறகு, இரவு பத்தரை மணிக்குத்தான் உட்கார நேரம்." அல்லது: "இரவுப் பணி முடித்துக் காலையில் உட்லண்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும் தாதி. தூங்கும் முன் பத்து நிமிடம் கிடைக்கும்."

ஏட்டை எப்போது, எங்கே திறப்பார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இரவு பத்தரை மணிக்குக் களைத்துப்போனவரிடம் இரண்டு பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் படிக்க மாட்டார். பயிற்சி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பது இந்தப் படியிலேயே முடிவாகிவிடுகிறது.

அப்படிப்பட்ட மூன்று பேரிடமாவது நேரில் பேசுங்கள். "எந்த மாதிரிப் புத்தகம் வேண்டும்?" என்று கேட்காதீர்கள், முகத்துக்காக ஏதாவது சொல்வார்கள். "இந்தச் சிக்கல் கடைசியாக எப்போது வந்தது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னால் அவை வேண்டியிருக்கும்.

## 3. நான்கு நூல்கள் போதும்

எண்ணிக்கை கூடினால் ஒன்று சொன்னதையே இன்னொன்று வேறு சொற்களில் சொல்வதைத்தான் காண்பீர்கள். முதல் ஏட்டுக்கு நான் பரிந்துரைப்பவை இவை.

ஜேம்ஸ் ஆலனின் 'ஆஸ் எ மேன் திங்கெத்'. 1903இல் வந்தது, ஏழே அதிகாரங்கள். இதைத் தமிழில் 'மனம்போல வாழ்வு' என்று தந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. சுதேசிக் கப்பல் நிறுவனத்தை 1906இல் தொடங்கி நடத்தியவர் என்பதால், தொழில் செய்கிறவரின் கண்ணோடு அந்த நூலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடினமான ஒரு கருத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் சுயசரிதை. முழுவதும் வேண்டாம், பதின்மூன்று நற்பண்புகளைப் பழகிய பகுதி மட்டும் போதும். ஏன் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்', 1859. பெரிய நூல். கைவினைஞர்கள், பொறியாளர்கள் ஆகியோரின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் நிறைந்தது. உங்கள் ஆளின் தொழிலுக்கு நெருக்கமான அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருக்குறளில் 47ஆம் அதிகாரமான தெரிந்துசெயல்வகையும், 60 முதல் 63 வரை உள்ள ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை ஆகியவையும். மொத்தம் ஐம்பது குறள்கள். பலர் குறளை அட்டைப்பட அலங்காரமாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். முடிவெடுப்பது, சோர்விலிருந்து எழுவது போன்றவற்றுக்கு நேரான பயிற்சி அங்கே இருக்கும்போது அதை அட்டையோடு நிறுத்துவது வருத்தமாக இருக்கிறது.

## 4. உரிமையைப் பார்த்த பிறகே குறிப்பெடுங்கள்

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளியவர்கள் முழு ஏட்டையும் திரும்ப எழுத நேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலுக்கான பாதுகாப்பு ஆசிரியர் மறைந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள் முடியும்வரை நீடிக்கும். ஆலன் மறைந்தது 1912, ஸ்மைல்ஸ் 1904, வ.உ.சி. 1936. இந்த மூவரின் எழுத்தையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

தவறு நடப்பது அடுத்த வரிசை நூல்களில். நெப்போலியன் ஹில்லின் 1937ஆம் ஆண்டு நூலான 'திங்க் அண்ட் குரோ ரிச்' இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்து, அதை மொழிபெயர்த்து விற்கலாம் என்று நினைக்கிறார்கள். அவர் மறைந்தது 1970இல். இங்குள்ள கணக்குப்படி 2040 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. டேல் கார்னெகி 1955இல் மறைந்தார். சிங்கப்பூரில் அந்தக் காலத்தின் கடைசி ஆண்டு 2025. ஆனால் 1936இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலான 'ஹவ் டு வின் ஃபிரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' என்பதற்கு அமெரிக்காவில் வேறு கணக்கு: வெளிவந்ததிலிருந்து 95 ஆண்டுகள். இணையத்தில் எல்லா நாட்டுக்கும் விற்பவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு. குறள் பொதுச்சொத்து, அண்மைக் காலத்தில் வாழ்ந்த ஒருவர் எழுதிய உரை அப்படியில்லை. குறளைப் போடுங்கள், பொருளை உங்கள் சொற்களில் எழுதுங்கள். பதிப்புரிமை காப்பது எழுதிய வடிவத்தை. அடியில் இருக்கும் கருத்தை யாரும் எடுத்தாளலாம். அதனால்தான் கருத்தைச் செயலாக மாற்றும் முறையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். உரிமைச் சிக்கலும் தீரும், ஏடும் உங்களுடையதாகும்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், மறைந்த ஆண்டு, மொழிபெயர்ப்பாளர், அவர் மறைந்த ஆண்டு, நீங்கள் படிக்கும் பதிப்பின் ஆண்டு ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். ஐந்தும் நிரம்பாத நூலை ஒதுக்கிவையுங்கள்.

## 5. மூன்று முறை, மூன்று வேலைக்காகப் படியுங்கள்

முதல் முறை பேனா வேண்டாம். நூலாசிரியர் எங்கே கொண்டுபோக விரும்புகிறார் என்று தெரிந்தால் போதும். முதல் வாசிப்பிலேயே கோடு போடுகிறவர்கள் அழகான வரிகளைச் சேர்க்கிறார்கள். அழகான வரிகளில் செயல் குறைவாகவே இருக்கும்.

இரண்டாம் முறை நோட்டை விரித்து, இடப்பக்கத்தில் ஆசிரியர் "செய்" என்று சொல்பவற்றை வினைச்சொல்லாக எழுதுங்கள்: குறி, எண்ணு, ஒதுக்கு, கேள். வலப்பக்கத்தில் அவர் சான்று தராமல் சொல்லும் கூற்றுகளை எழுதுங்கள். பல நூல்களில் வலப்பக்கம்தான் முதலில் நிரம்பும். அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். ஒரு நூலிலிருந்து இரண்டு வினைச்சொல் கிடைத்தாலே நல்ல அறுவடை.

மூன்றாம் முறை, இரண்டாம் படியில் எழுதிய ஆளை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவருடைய இரவு பத்தரை மணிக்கு உதவாத எதுவும், எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இந்த ஏட்டுக்குள் வரவேண்டியதில்லை.

## 6. கருத்தைச் செயலாக மாற்றுங்கள்

வழிகாட்டியின் உயிர்நிலை இதுதான். பயிற்சி என்று ஒன்றை எழுதியதும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: அவர் அதைச் செய்தாரா இல்லையா என்பதை, அருகில் அமர்ந்திருக்கும் இன்னொருவரால் பார்த்துச் சொல்ல முடியுமா? "நல்லதையே நினையுங்கள்" இதில் தோற்கும். "இன்று தள்ளிப்போட்ட ஒரு வேலையின் பெயரை எழுதுங்கள்" தேறும்.

ஃபிராங்க்ளின் செய்ததைக் கவனியுங்கள். சிறிய கையேடு ஒன்றில் ஒரு பண்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். பக்கத்தில் ஏழு நாளுக்கு ஏழு நெடுங்கட்டங்கள், பதின்மூன்று பண்புக்குப் பதின்மூன்று வரிகள். பிழை நேர்ந்த நாளில் அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பண்பில்தான் முழுக் கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று.

இதில் நாம் எடுக்க வேண்டியது அந்தப் பதின்மூன்று பண்புகளின் பட்டியலை அல்ல, கட்டத்தின் அமைப்பை. ஒரு புள்ளி வைக்க ஒரு விநாடி போதும். களைத்த கைக்கும் அது முடியும். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. சுற்று எப்போது முடியும் என்று முன்பே தெரியும். தாம் முழுமையை எட்டவில்லை என்றும், ஒழுங்கு என்ற பண்பே தம்மை அதிகம் படுத்தியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்த ஒப்புதலை உங்கள் வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கள். நடுவில் நின்றுபோனவர் மறுபடி தொடங்க அது துணையாக இருக்கும்.

இனி நம் வீட்டுச் சரக்கு. 461ஆம் குறள்:

அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும்
ஊதியமும் சூழ்ந்து செயல்.

முதலில் செலவாகி அழிவது எது, அதனால் உடனே ஆவது எது, ஆனபின் தொடர்ந்து கிடைக்கும் ஊதியம் எது என்று மூன்றையும் எண்ணிச் செய்யச் சொல்கிறது. மூன்று பத்தி கொண்ட ஒரு தாள் இங்கேயே தயாராக இருக்கிறது. தேக்கா அண்ணனுக்கு இதை இப்படி அமைத்தேன்.

முதல் பத்தியில் அழிவது: வைப்புத்தொகை, முதல் மூன்று மாத வாடகை, சமையல்காரர் சம்பளம் ஆகியவை வெள்ளிக் கணக்கில். அதற்குக் கீழே, பணமல்லாதவை: பழைய கடையில் அவர் நிற்கும் நேரம், பிள்ளைகளோடு இருக்கும் ஞாயிறு. இரண்டாம் பத்தியில் ஆவது: முதல் ஆறு மாதத்தில் கையில் வரக்கூடிய விற்பனை. மூன்றாம் பத்தியில் ஊதியம்: ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்து நிற்பது.

புதியவர்கள் இந்தத் தாளை வடிவமைக்கும்போது வரவை முதல் பத்தியாக வைத்துவிடுகிறார்கள். ஆசையோடு இருப்பவர் அந்தப் பத்தியை நிரப்பிவிட்டு மற்றவற்றை ஏனோதானோவென்று முடிப்பார். குறள் அழிவதில் தொடங்குகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்னொரு பிழை, அழிவதில் பணத்தை மட்டும் எழுதவைப்பது. நேரத்துக்கும் உறவுக்கும் தனி வரி விடாவிட்டால் யாரும் தாமாக எழுதுவதில்லை.

ஒரு ஏட்டுக்கு இத்தகைய பயிற்சிகள் நான்கு போதும். அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி பக்கங்களை அமையுங்கள்.

## 7. விட்டுவிட வேண்டியவற்றைத் துணிந்து விடுங்கள்

பழைய நூல் என்பதற்காக எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். ஆலனின் நூலில் எண்ணமே உடல்நலத்தை ஆக்குகிறது, அழிக்கிறது என்ற பொருளில் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதை ஏட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வாங்குகிறவர்களில் நோயோடு இருப்பவர் இருப்பார். "என் எண்ணத்தால்தான் இது வந்தது" என்று அவர் நினைத்து, மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட நாம் காரணமாகக் கூடாது.

சூழ்நிலை முழுவதும் அவரவர் எண்ணத்தின் விளைவு என்ற கருத்தும் அப்படியே. ஊரில் கடன் வாங்கி இங்கே கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் தம்பியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். முகம் வாடிப்போகும், வாட வேண்டியதுதான். கடன் எண்ணத்தில் பிறந்தது அன்று. அவர் கையில் இருக்கும் சிறிய பகுதி எது என்று காட்டும் பயிற்சி உதவும். பழியைத் தலையில் ஏற்றும் பயிற்சி உதவாது. வாலஸ் வாட்டில்ஸின் 1910ஆம் ஆண்டு நூலான 'தி சயின்ஸ் ஆஃப் கெட்டிங் ரிச்' என்பதையும் இதே காரணத்துக்காகத்தான் என் பட்டியலில் சேர்க்கவில்லை. குறிப்பிட்ட விதமாக எண்ணினால் செல்வம் நிச்சயம் என்று அது உறுதி கொடுக்கிறது. அந்த உறுதியை நம் பெயரில் விற்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் படியில் நிரப்பிய வலப்பக்கம் இப்போது பயன்படும். அங்கே இருக்கும் எந்தக் கூற்றும் ஏட்டில் உண்மைபோல இடம்பெறக் கூடாது.

## 8. முதலில் உங்கள் மேல் சோதியுங்கள்

முப்பது நாள், நான்கு பயிற்சிகளையும் நீங்களே செய்யுங்கள். செய்யாமல் விட்ட நாளையும் காரணத்தையும் குறித்துவையுங்கள். பேனா இல்லை, பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு வந்தேன், கேள்வி புரியவில்லை என்று காரணங்கள் சிறியவையாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றும் ஏட்டின் அளவையோ தாளையோ கேள்வியையோ மாற்றச் சொல்லும். நின்றபடி எழுத முடியாததால்தான் பெரிய அளவைக் கைவிட்டு ஏ5 அளவுக்கு வந்தேன்.

## 9. ஐந்து பேரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள்

அச்சுக்கு முன் பேச்சு. ஸ்மைல்ஸின் நூல், லீட்ஸ் நகரில் மாலை வேளையில் கூடிய இளைஞர்களிடம் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்தது. கார்னெகி 1912 முதல் வகுப்பு நடத்திவந்தார். நூல் 1936இல்தான் வந்தது. வகுப்பறையில் விழுந்து எழுந்தவற்றையே அவர்கள் எழுதினார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்து மேசையோ சமூக மன்றத்தின் அறையோ போதும். பயிற்சித் தாளை ஒளிநகல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் அமருங்கள். இது கடினம், வாய் விளக்கத் துடிக்கும். நீங்கள் விளக்கிவிட்டால், வீட்டில் தனியாக இருப்பவருக்கு எது புரியாது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அவர்கள் கேள்வி கேட்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் கேட்டால் அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

நெருங்கிய நண்பர்கள் மட்டும் போதாது, பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஐவரில் இருவராவது உங்களை முன்பின் அறியாதவராக இருக்கட்டும். பெயரும் கைப்பேசி எண்ணும் வாங்கினால் எதற்காக என்று சொல்லி ஒப்புதல் பெறுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறு வணிகருக்கும் பொருந்தும்.

## 10. அவர்களுடைய சொற்களில் எழுதுங்கள்

இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறவுங்கள். "முடிவெடுக்கும் திறனை வலுப்படுத்துதல்" என்று தலைப்பு வைப்பதைவிட, அண்ணன் சொன்ன "போகவும் பயம், விடவும் மனசில்லை" என்பதே தலைப்பாகலாம். கேள்வியில் ஒரு வினைச்சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒரு பயிற்சி. எழுத இடம் தாராளமாக இருக்கட்டும். தமிழ் எழுத்துக்கு அகலம் கூடுதலாக வேண்டும்.

## 11. அச்சு, பதிவு, வாக்குறுதி

நடுவில் தைத்த ஏடு என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். மறந்துவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் வரும். பூச்சு போட்ட பளபளப்பான தாள் எழுதுவதற்கு உதவாது, மை பரவும். பிராஸ் பசா கட்டடத்தொகுதியில் உள்ள அச்சுக்கடைகளில் மாதிரித் தாளைக் கேட்டு வாங்கி, உங்கள் பேனாவால் எழுதிப் பாருங்கள். முதலில் ஐம்பது படிகள் போதும்.

வணிகங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் (ACRA) உங்கள் வணிகத்தைப் பதிவு செய்யுங்கள். ஐ.எஸ்.பி.என். (ISBN) எனப்படும் நூல் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் பெறலாம். வெளியிட்ட நான்கு வாரத்துக்குள் இரண்டு படிகளை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். முதன்முறை வெளியிடும் பலர் இதை மறக்கிறார்கள்.

விளம்பரத்தில் விளைவை உறுதி செய்யாதீர்கள். "30 நாளில் வருமானம் இரட்டிப்பாகும்" என்பது பொய்யான கூற்றாகிவிட்டால், நுகர்வோர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற செயலாகும். "ஒரு நாளுக்குப் பத்து நிமிடம், நான்கு பயிற்சிகள், பதின்மூன்று வாரம்" என்று உள்ளே இருப்பதைச் சொல்லுங்கள். பயிலரங்காக நடத்தினால், அங்கீகாரம் பெறாமல், திறன் பயிற்சிக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தத் தொகை அங்கீகரிக்கப்பட்ட பாடங்களுக்கு மட்டுமே.

## 12. விற்ற ஏட்டைத் திரும்பப் பாருங்கள்

விற்ற ஆறாம் வாரத்தில், வாங்கியவர்களில் சிலரைத் தொடர்புகொண்டு ஏட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டாம், அது அவர்களுடையது. பக்கங்களை அவர்களே புரட்டட்டும். எந்தப் பக்கத்தில் பேனா நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஒரே பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு மறுபடி ஆறாம் படிக்குப் போங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் நின்றிருந்தால் இரண்டாம் படிக்கு. தேர்ந்தெடுத்த ஆளும் வாங்கிய ஆளும் வேறு வேறு. இரண்டாவது ஐம்பது படிகளை அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.